மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா: விவாத மேடைக்குத் தயாராவதற்கான முழுமையான வழிகாட்டி

கல்லூரி விவாதப் போட்டிகளில் அடிக்கடி வரும் தலைப்பு இது. மாணவர்களை இதற்குத் தயார் செய்யும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தலைப்பு கைக்கு வந்த உடனே தங்கள் அணிக்கு வேண்டிய பாயிண்டுகளைத் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு அணிக்கும் எதில்தான் சண்டை என்பதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. அதனால் ஒரு அணி நிர்பயா என்று உருகும், இன்னொரு அணி காந்தி என்று முழங்கும், மணி அடிக்கும், இவர்கள் சொன்னது அவர்கள் மேல் படாமலேயே போட்டி முடிந்துவிடும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பாயிண்டு எழுதுவது ஐந்தாவது படியில்தான் வருகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவைப் பற்றிய தலைப்பு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஆவணங்கள் போதும். பச்சன் சிங் எதிர் பஞ்சாப் அரசு, 1980 தீர்ப்பு. சட்ட ஆணையத்தின் 35ஆவது அறிக்கை, 1967. அதே ஆணையத்தின் 262ஆவது அறிக்கை, 2015. கருணை மனுவைத் தீர்க்க ஆகும் தாமதம் பற்றிய சத்ருகன் சௌஹான் வழக்கின் தீர்ப்பு, 2014. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் படிக்க நேரம் இருக்காது, இரண்டு அறிக்கைகளின் முடிவுரைப் பகுதிகளை மட்டும் முதலில் படியுங்கள். 1967-இல் ஆணையம் மரண தண்டனை இருக்கட்டும் என்றது. 2015-இல் பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது ஆகியவை தவிர மற்றவற்றுக்கு ஒழித்துவிடலாம் என்றது. ஒரே அமைப்பு இரண்டு முடிவுக்கு வந்ததால் இரண்டு அணியின் நல்ல வாதங்களும் அங்கேயே ஒழுங்காக அடுக்கிக் கிடைக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு, எதிர் அணியாக நடிக்க ஒரு நண்பர், குறைந்தது ஒரு வாரம். ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் 1, 2, 4 ஆகிய படிகளை மட்டுமாவது செய்யுங்கள். அந்த மூன்றும் இல்லாமல் பேசினால் நடுவரின் முதல் கேள்விக்கே தடுமாறுவீர்கள்.

1. தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

"மரண தண்டனை ஒழிக்கப்பட வேண்டும்", "மரண தண்டனை அவசியமே", "பாலியல் குற்றங்களுக்கு மரண தண்டனையே தீர்வு". மூன்றும் ஒரே தலைப்பு என்று நினைத்து ஒரே உரையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்றிலும் நீங்கள் நிரூபிக்க வேண்டியது வேறு வேறு.

முதலாவதில் ஒட்டிப் பேசுபவர் எல்லாக் குற்றத்துக்கும் ஒழிக்க வேண்டும் என்று காட்டியாக வேண்டும், பயங்கரவாதம் உட்பட. மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாப்பைப் பற்றிக் கேட்டால் நழுவ முடியாது. 2015 அறிக்கையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள், அந்த அறிக்கையே பயங்கரவாதத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டது. இரண்டாவதில் நிரூபிக்கும் சுமை, தண்டனையை வைத்திருக்கச் சொல்பவர் தலையில் இருக்கிறது, ஆயுள் சிறை ஏன் போதாது என்று அவர்தான் விளக்க வேண்டும். மூன்றாவதில் "தீர்வு" என்று இருப்பதால் அந்தத் தண்டனை குற்றத்தைக் குறைக்கும் என்று காட்ட வேண்டும். குற்றவாளி அதற்குத் தகுதியானவன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் தலைப்பைத் தொடவே இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "நடுவர் எதை நம்பினால் நான் ஜெயிப்பேன்?" அதற்குக் கீழே பதில். அந்தப் பதிலுக்கு உதவாத எதையும், எவ்வளவு அழகான மேற்கோளாக இருந்தாலும், பிறகு வெட்டிவிடலாம்.

2. இன்றைய சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். கருத்தில் தோற்றால் நடுவர் பாதி மதிப்பெண்ணாவது தருவார். தகவலில் தவறினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான தகவலையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

இந்திய தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை 302ஆவது பிரிவு என்று இன்னும் மேடையில் சொல்கிறார்கள், புதிய சட்டத்தில் அது 103. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவரைக் கொன்றால் அதற்கும் மரண தண்டனை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது இந்தியா இந்தத் தண்டனையை மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை தவறு. 2018-இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமிகள் மீதான பாலியல் வன்கொடுமைக்கும், 2019-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் மரண தண்டனை சேர்க்கப்பட்டது.

பச்சன் சிங் தீர்ப்பு சொன்னது இதுதான்: கொலைக்கு ஆயுள் சிறைதான் பொது விதி, மரண தண்டனை விதிவிலக்கு. "அரிதினும் அரிதான வழக்கு" என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் மரண தண்டனை செல்லும் என்றார்கள், நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். மாணவர்கள் அரிதினும் அரிது என்பதைக் குற்றம் எவ்வளவு கொடூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குற்றத்தைப் போலவே குற்றவாளியையும் பார்க்க வேண்டும், வேறு எந்தத் தண்டனையும் பொருந்தாது என்று ஐயமின்றி ஆன பிறகுதான் உயிரை எடுக்கலாம் என்கிறது தீர்ப்பு. வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பு எல்லாம் கணக்கில் வரும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே எதிர் அணியில் பாதிப் பேரை விட முன்னால் இருப்பீர்கள்.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால் அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும், யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும். பிறகு உச்ச நீதிமன்றம், மறுஆய்வு மனு. அரசியலமைப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரிடமும் 161ஆவது பிரிவின்படி ஆளுநரிடமும் கருணை மனு. வைத்திருக்கச் சொல்லும் அணிக்கு இந்த அடுக்குதான் கேடயம், ஒழிக்கச் சொல்லும் அணிக்கு இதில் ஆகும் காலதாமதம்தான் ஆயுதம். அதனால் இரண்டு பேரும் படித்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்று நினைக்கும் தவறு. எத்தனை முறை சொன்னாலும் மேடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான், 1961-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. மரண தண்டனைக்கும் வாய்ப்புள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, அரசு தண்டனையைத் தள்ளுபடி செய்ய நினைத்தாலும், 14 ஆண்டு முடியும் முன்னால் விட முடியாது என்பதுதான் அந்த 14-இன் பொருள். அது குறைந்தபட்ச எல்லை, தானாகக் கிடைக்கும் விடுதலை கிடையாது. 2008-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் இன்னொரு படி மேலே போய், தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறையையும் நீதிமன்றம் விதிக்கலாம் என்று ஆனது. ஒழிக்கச் சொல்லும் அணிக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லை. "அவனை வெளியே விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். 2004 ஆகஸ்டில் தனஞ்சய் சட்டர்ஜி, 2012 நவம்பரில் கசாப், 2013 பிப்ரவரியில் அப்சல் குரு, 2015 ஜூலையில் யாகூப் மேமன், 2020 மார்ச் 20 அன்று நிர்பயா வழக்கில் நான்கு பேர். பதினாறு ஆண்டுகளில் எட்டுப் பேர். தண்டனை விதிக்கப்படுவதும் நிறைவேற்றப்படுவதும் எவ்வளவு தூரம் விலகி இருக்கின்றன என்பது இந்த எண்ணில் தெரியும்.

3. கேள்வியை மூன்றாக உடையுங்கள்

மரண தண்டனை என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, நடைமுறை உண்மை பற்றியது: இது குற்றத்தைத் தடுக்கிறதா? இதற்கு ஆதாரம் வேண்டும், உணர்ச்சி உதவாது. இரண்டு, அறம் பற்றியது: கொன்றவனைக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா? இதற்குப் புள்ளிவிவரம் உதவாது, காரணம் சொல்ல வேண்டும். மூன்று, நம் அமைப்பு பற்றியது: அந்த உரிமை இருந்தாலும், நம் போலீசும் நீதிமன்றமும் பிழையில்லாமல், ஆள் பார்த்து மாறாமல் அதைச் செய்ய முடியுமா?

உடைக்கச் சொல்வதற்குக் காரணம், ஒரு கேள்விக்கான பதிலை இன்னொன்றுக்குக் கொடுப்பதுதான் மேடையில் நடக்கும் பெரிய குழப்பம். "தூக்கு போட்டால் பயம் வரும்" என்று ஒருவர் சொல்ல, "உயிர் புனிதமானது" என்று மற்றவர் பதில் சொல்கிறார். அது பதிலே இல்லை.

ஐந்து நிமிடத்தில் மூன்றையும் சமமாகப் பேச முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டையும் ஓரிரு வாக்கியத்தில் கடந்துவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஒழிக்கச் சொல்லும் அணிக்கு மூன்றாவது கேள்விதான் பலமான இடம், வைத்திருக்கச் சொல்லும் அணிக்கு இரண்டாவது. முதல் கேள்வியில் இரண்டு பேருக்குமே தரை வழுக்கும், காரணம் ஆறாவது படியில்.

4. எதிர் அணியின் வாதத்தை முதலில் எழுதுங்கள்

உங்கள் உரைக்கு முன்னால் எதிர் அணிக்கு ஒரு முழு உரை எழுதுங்கள். ஒப்புக்கு எழுதக் கூடாது, அந்தப் பக்கத்தை உண்மையாக நம்புகிற ஒருவர் படித்துவிட்டு "ஆமாம், நான் இதைத்தான் நினைக்கிறேன்" என்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். நண்பரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் எங்கே தலையாட்டுகிறார் என்று பாருங்கள். அந்த இடங்கள்தான் மேடையில் உங்களுக்கு வலிக்கப்போகும் இடங்கள்.

வைத்திருக்கச் சொல்பவர்களின் நல்ல வாதம் பழிவாங்குவது கிடையாது, அப்படி நினைத்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். அவர்கள் சொல்வது தகுதி பற்றியது: தான் செய்வதை நன்றாகத் தெரிந்து, திட்டமிட்டு, உதவியற்ற ஒரு குழந்தையைக் கொன்றவனுக்கும், ஆத்திரத்தில் ஒரே அடியில் கொன்றவனுக்கும் ஒரே தண்டனை என்றால் அந்தக் குழந்தையின் உயிரை அரசு குறைத்து மதிப்பிடுகிறது. மனிதனைப் பொறுப்புள்ளவனாக மதிப்பதால்தான் அவன் செயலுக்கு ஏற்ற தண்டனை தரவேண்டும் என்றார் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். ஒரு தீவில் வாழும் மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து போவதாக இருந்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனுக்குத் தண்டனையை நிறைவேற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 1797-இல் எழுதினார். தடுப்பு, பயன் என்று எதுவுமே அந்த வாதத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "தூக்கால் குற்றம் குறையவில்லை" என்று சொல்லி இதை முறியடிக்க முடியாது.

தனிமனித சுதந்திரத்துக்காக எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மரண தண்டனையை ஆதரித்துப் பேசினார். ஆயுள் முழுக்கக் கடுஞ்சிறையில் அடைப்பது தூக்கை விடக் கொடியது என்பது அவருடைய காரணங்களில் ஒன்று. முற்போக்காளர்கள் எல்லோரும் நம் பக்கம் என்று பேசும் மாணவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. மறுபக்கம், அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் அம்பேத்கர் மரண தண்டனையையே ஒழிப்பதைத்தான் விரும்புவேன் என்று பேசினார். அரசியலமைப்பை எழுதியவர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொதுவாக அடித்துவிடும் அணிக்கு அதுவே பதில்.

5. இப்போது உங்கள் வாதத்தைச் சங்கிலியாக எழுதுங்கள்

பத்து பாயிண்டு வேண்டாம். ஒரே வாதம், நான்கைந்து கண்ணி, ஒவ்வொரு கண்ணியும் முந்தையதிலிருந்து வர வேண்டும். பத்து பாயிண்டு சொன்னால் எதிர் அணி பலவீனமான ஒன்றைப் பிடித்து அதையே மூன்று நிமிடம் அடிக்கும், நடுவருக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

ஒழிக்கச் சொல்லும் அணிக்கு ஒரு மாதிரி: மீட்க முடியாத தண்டனை என்றால் அதைத் தரும் அமைப்பு மிக உறுதியானதாக இருக்க வேண்டும். நம் அமைப்பு அவ்வளவு உறுதியானது இல்லை என்பதை அதன் தீர்ப்புகளே காட்டுகின்றன. சமூகத்தைக் காக்க, வெளியே வர முடியாத ஆயுள் சிறை என்ற வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. எனவே மீட்க முடியாத வழியை வைத்திருக்கத் தேவை இல்லை.

இரண்டாவது கண்ணிக்கு ஆதாரம் வேண்டும், இங்கே மூன்று வழக்குகள் உதவும். மகாராஷ்டிராவின் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கில் ஆறு பேருக்கும் மரண தண்டனை என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது, 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஹர்பன்ஸ் சிங் வழக்கில் ஒரே குற்றத்துக்காக ஒரே மாதிரி தண்டிக்கப்பட்ட மூன்று பேரில் ஒருவருக்கு நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, ஒருவர் 1981-இல் தூக்கிலிடப்பட்டார், மூன்றாமவர் கடைசி நேரத்தில் மனு போட்டதால் உயிர் பிழைத்தார். இதை 1982 தீர்ப்பில் படிக்கும்போது எனக்கு இன்னும் மனசு பதைக்கும். மூன்றாவது நம் தர்மபுரி பேருந்து எரிப்பு வழக்கு. 2000-இல் மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். 2010-இல் மூன்று பேருக்குத் தூக்கை உறுதி செய்த உச்ச நீதிமன்றம் 2016-இல் மறுஆய்வில் அதை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் மாறவில்லை, குற்றவாளிகள் மாறவில்லை.

வைத்திருக்கச் சொல்லும் அணி இதே மூன்று வழக்குகளை எடுத்து, "பார்த்தீர்களா, அமைப்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது, அவர்கள் தூக்கிலிடப்படவில்லை" என்று சொல்லும். நல்ல பதில். 1981-இல் தூக்கிலிடப்பட்டவருக்கு அந்தப் பதில் பொருந்தாது என்பதுதான் உங்கள் அடுத்த வரி. இப்படி இரண்டு மூன்று அடுக்கு ஆழத்துக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று எழுதிப் பாருங்கள்.

வைத்திருக்கச் சொல்லும் அணிக்கும் சங்கிலி உண்டு: தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும், சில குற்றங்கள் மற்றக் கொலைகளிலிருந்து தன்மையிலேயே வேறு, அரிதினும் அரிது என்ற அளவுகோல் அவற்றை மட்டும் பிரித்தெடுக்கிறது, பிழை நேரக்கூடும் என்பது அளவுகோலை இன்னும் இறுக்கக் காரணம், தண்டனையையே எடுக்கக் காரணம் இல்லை. கடைசிக் கண்ணிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது, அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

6. "தூக்கு பயமுறுத்தும்" என்ற வாதத்தைக் கவனமாகத் தொடுங்கள்

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012-இல் அங்கே நடந்த பல ஆண்டு ஆய்வுகளைப் பரிசீலித்துவிட்டுச் சொன்னது: மரண தண்டனை கொலைகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. மாணவர்கள் இதை "தடுக்காது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று மாற்றிச் சொல்கிறார்கள். அது தவறு, நடுவர் படித்தவராக இருந்தால் அங்கேயே பிடிப்பார்.

கனடா 1976-இல் ஒழித்தது, பிறகு கொலை விகிதம் குறைந்தது என்பதும் இப்படித்தான். குறைந்தது உண்மை. ஒழித்ததால் குறைந்தது என்று அதிலிருந்து வராது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் "ஒழித்தால் கொலை பெருகும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

பாதுகாப்பான வழி என்ன? நிரூபிக்கும் சுமையை மாற்றுங்கள். உயிரை எடுக்கும் தண்டனை தடுக்கிறது என்று சொல்பவர்தான் ஆதாரம் தர வேண்டும், ஆதாரம் தெளிவாக இல்லை, அவ்வளவுதான். தண்டனை எவ்வளவு கடுமை என்பதை விட அது கட்டாயம் கிடைக்கும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இல் எழுதியதை இங்கே சேர்த்தால் வாதம் முழுமையாகும்.

பாலியல் குற்றத் தலைப்பு வந்தால் இன்னும் கவனம். 2013 ஜனவரியில் அறிக்கை தந்த நீதிபதி வர்மா குழு, டெல்லி நிர்பயா சம்பவத்தின் கொதிப்பு அடங்காத அந்த நேரத்திலும், வன்புணர்வுக்கு மரண தண்டனை வேண்டாம் என்றது. வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால் சாட்சியை உயிரோடு விடாமல் இருக்கக் குற்றவாளிக்குக் காரணம் கிடைக்கிறது. குழந்தைகள் வழக்கில் குற்றவாளி பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர், சொந்தக்காரராகவும் இருக்கலாம், தூக்கு என்றால் குடும்பமே புகாரை அமுக்கிவிடும். இதை அழுத்தமாகச் சொல்லுங்கள், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பிலிருந்தே எழும் வாதம் இது.

7. ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தொடுவதானால்

தமிழ்நாட்டு மேடையில் இது வராமல் இருக்காது, தப்பாகச் சொல்லப்படாமலும் இருக்காது. வரிசையாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. 2000-இல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் மீதி மூன்று பேருக்கும் கருணை மனுவைத் தீர்க்க ஆன தாமதத்தின் அடிப்படையில் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே மாதம் பேரறிவாளன், முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டார், நவம்பரில் மற்றவர்கள்.

"நிரபராதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது" என்று சிலர் பேசுகிறார்கள். 2014, 2022 இரண்டு உத்தரவுகளும் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் என்ன கருத்து இருந்தாலும் மேடையில் ஆவணம் சொல்வதைச் சொல்லுங்கள். சொல்லப்போனால் 26 பேருக்கு விதித்த தூக்கு அடுத்த ஆண்டே நான்கு பேராகச் சுருங்கியது என்ற ஒரு தகவலே போதும், மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

தாமதம் பற்றிப் பேசும்போது 1983-இன் வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கை எடுத்து, இரண்டு ஆண்டு தாமதமானாலே தூக்கை ரத்து செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது நிலைக்கவில்லை. அதே ஆண்டில் வேறொரு அமர்வு மாறுபட்டது, 1989-இல் திரிவேணிபென் வழக்கில் அப்படி நிலையான கால அளவு எதுவும் கிடையாது என்று அரசியல் சாசன அமர்வு முடித்துவைத்தது. எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் அது இன்றும் செல்லுமா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இப்போதைக்கு 2014-இன் சத்ருகன் சௌஹான் தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் பதினைந்து பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது.

8. குறளையும் கோவலனையும் எங்கே வைப்பது

வைத்திருக்கச் சொல்பவர் "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்பார். ஒழிக்கச் சொல்பவர் "இன்னாசெய் தாரை ஒறுத்தல்" என்று தொடங்குவார். இரண்டு பக்கமும் குறள் இருப்பதால் குறளால் வாதம் முடியாது. ஆதாரமாக வைக்காமல், ஏற்கெனவே காரணம் சொல்லி முடித்த ஒரு கருத்துக்கு மேல் சொல்லாக வைத்தால் நன்றாக நிற்கும். முதலாவது, அதாவது 550ஆவது குறள், செங்கோன்மை அதிகாரத்தில், அரசனின் கடமையாக வருகிறது. இரண்டாவது, 314ஆவது குறள், துறவறவியலில் வருகிறது. இது தெரிந்திருந்தால் எதிர் அணி குறளை வீசும்போது பதில் சொல்லலாம்.

கோவலனும் அப்படித்தான். விசாரணையே இல்லாமல், மேல்முறையீடு இல்லாமல் நடந்த கொலை அது, இன்றைய அமைப்போடு ஒப்பிட முடியாது என்று ஒரே வரியில் எதிர் அணி தள்ளிவிடும். அதனால் தொடக்கத்தில் வைக்காதீர்கள்.

9. மறுப்புரையை நான்கு அடியில் பழகுங்கள்

எதிரே சொன்னதை நேர்மையாக ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். அதில் எங்கே ஓட்டை என்று காட்டுங்கள். "அது உண்மையாகவே இருந்தாலும்" என்று தொடங்கி, உண்மையாக இருந்தாலும் உங்கள் பக்கம் ஏன் நிற்கிறது என்று சொல்லுங்கள். கடைசியாக முதல் பக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வியோடு இணையுங்கள். மூன்றாவது அடியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் ஜெயிக்க வைப்பது அதுதான். இரண்டாவது அடியை நடுவர் ஏற்காவிட்டாலும் உங்கள் வாதம் விழாமல் இருக்கும்.

"உங்கள் வீட்டில் நடந்திருந்தால்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சிரிக்காதீர்கள், கோபப்படாதீர்கள். என் வீட்டில் நடந்தால் நானும் அவனைக் கொல்லத்தான் நினைப்பேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதனால்தான் தண்டனையைத் தீர்மானிக்கும் வேலை குடும்பத்திடம் இல்லாமல் நீதிமன்றத்திடம் இருக்கிறது. நிர்பயாவின் தாய் தூக்குக்காக ஏழு வருஷம் போராடினார். நளினிக்குக் கருணை காட்டச் சொன்னவர் சோனியா காந்தி. இருவரின் துயரத்தையும் மதிக்கிறோம், ஆனால் குடும்பத்தின் மனநிலையைப் பொறுத்து ஒருவன் சாவதும் பிழைப்பதும் சட்டமாக முடியாது. இதைச் சொல்லும்போது குரல் தணிந்திருக்கட்டும், அரங்கில் யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

செலவு வாதத்தை, அதாவது "ஆயுள் கைதிக்கு நம் வரிப்பணத்தில் சோறா" என்பதை, இரண்டு அணியுமே விட்டுவிடுவது நல்லது. காசு மிச்சம் என்பதற்காக ஒரு உயிரை எடுக்கலாம் என்று பேசிவிட்டு அறத்தைப் பற்றிப் பேச வாய் வராது.

10. முந்தின நாள்

புதிதாக எதையும் படிக்காதீர்கள். நண்பரோடு பக்கம் மாறி ஒருமுறை பேசுங்கள், உங்கள் உரையை அவர் மறுக்கட்டும், அவர் உரையை நீங்கள் மறுங்கள். கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிட உரை என்றால் நாலரை நிமிடத்தில் முடியும்படி வெட்டுங்கள், மேடையில் கைதட்டலோ இருமலோ ஏதாவது நேரத்தைத் தின்னும்.

கையில் ஒரே ஒரு அட்டை. ஒரு பக்கம் உங்கள் சங்கிலியின் கண்ணிகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு சொல்லில். மறுபக்கம் ஆண்டுகளும் வழக்குப் பெயர்களும் மட்டும்: 1980 பச்சன் சிங், 1982 ஹர்பன்ஸ் சிங், 2008 ஷ்ரத்தானந்தா, 2014 சௌஹான், 2015 அறிக்கை, 2019 ஷிண்டே. பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், நிசப்தமான அரங்கில் ஷ்ரத்தானந்தா என்ற பெயரில் நாக்கு தடுக்கினால் அடுத்த வரியும் மறந்துபோகும். முழு உரையையும் எழுதி எடுத்துப் போகாதீர்கள், எதிர் அணி எதிர்பாராத ஒன்றைச் சொல்லும்போது தாளை விட்டுக் கண் எடுக்க முடியாமல், அவர்கள் சொல்லாததற்கு மறுப்பு வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.